ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

பதினோரு டாலர் நாற்பத்திரண்டு சென்ட்.
கடைசியில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண்
"வேறு ஏதாவது?" என்றாள்.
இந்த நாளில் சொல்ல
இருபத்து நான்கு வருடமாக
ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்.
வரவில்லை.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

டுலூத்தில் மார்ச். ஏரி இன்னும் இளகவில்லை,
கரையோரம் மட்டும் கறுப்பாக ஒரு கோடு.
பஸ்ஸை விட்டுவிட்டு
மேட்டில் நடந்தே ஏறினேன்.

வீட்டைக் கட்டிப் பார்த்தவள் இல்லை நான்.
கழற்றிப் பார்த்தவள்.
சாப்பாட்டறைச் சுவரில் ஏழு அடுக்குக் காகிதம்.
மேலே பழுப்புக் கோடுகள், கீழே ரோஜா,
அதற்கும் கீழே பாய்மரக் கப்பல்கள்:
எப்போதோ அங்கே ஒரு குழந்தை தூங்கியிருக்கிறது.
சுவருக்குள் குளிருக்கு அடைத்திருந்தது
ஃபின்னிஷ் செய்தித்தாள்.
கர்ட்டுக்கு அந்த மொழி பாதி தெரியும்.
நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் படித்தான்.
"பன்றி விலை" என்றான்.
மூக்கெல்லாம் சுண்ணாம்போடு
தரையில் விழுந்து சிரித்தோம்.

ஒன்பதாவது வருடம் கர்ட் போனான்.
குளியலறை ஓடு எந்த நிறம் என்று தொடங்கியது,
நிறத்தோடு நிற்கவில்லை.
வக்கீல் ஒரு தாளில் வீட்டை இரண்டாக வகுத்தார்.
அவன் பாதியை வாங்க
மறுபடி அடமானம் வைத்தேன்.
நானே ஆணியடித்த தரையை
நானே இரண்டாம் முறை விலைக்கு வாங்கினேன்.

பிறகெல்லாம் ஒற்றைக் கை வேலை.
இரவில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
பகலில் ஏணி.
கூரைப் பலகையைத் தலையால் முட்டுக் கொடுத்தபடி
திருகாணி முடுக்கினேன்.
நூலகத்தில் எடுத்த குழாய் வேலைப் புத்தகத்துக்கு
அபராதம் கட்டினேன்; அது இன்னும்
சிங்குக்கு அடியில் ஈரத்தில் உப்பிக் கிடக்கிறது.
அதைப் பார்த்தும்
வென்னீரையும் தண்ணீரையும் மாற்றிப் பூட்டினேன்.
நீலப் புள்ளியைத் திருகினால் சுடும்.
விருந்தாளிகளிடம் கோட்டைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்.

ஒரு இடம் மட்டும் விட்டு வைத்திருந்தோம்.
ஃபிரிட்ஜுக்குப் பின்னால், முழ நீளம் முழ அகலம்,
மரச்சட்டம் தெரிய, மூடாத சுவர்.
கடன் தீர்ந்த அன்று மூடலாம் என்று
கர்ட் சட்டத்தில் பென்சிலால் எழுதினான்:
எழுபத்தோராயிரம்.
வருடா வருடம் டிசம்பரில் ஃபிரிட்ஜை இழுத்து
அதற்குக் கீழே அடுத்த எண்.
ஒரு வருடம் எண் இறங்காமல் ஏறியிருக்கிறது.
ஹீட்டர் செத்த குளிர்காலத்தில்
எழுதவே இல்லை.

இன்று இழுத்தேன்.
தூசி, ஒரு கரண்டி,
நயாகரா என்று எழுதிய காந்தம்.
நான் நயாகராவுக்குப் போனதே இல்லை.
சுழி போட்டேன். கை நடுங்கி
முட்டை மாதிரி வந்தது.

அக்கா ஜோலீன் போனில், "கேக்காவது வாங்கினாயா?"
"சுவர் மூடுகிறேன்" என்றேன்.
"உனக்குப் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு
அவளே அழுதாள்.

குளிருக்கு உள்ளே எதையாவது அடைக்க வேண்டும்.
அலமாரியிலிருந்து வங்கிக் கடிதங்களை எடுத்து வந்தேன்,
மூன்று செருப்புப் பெட்டி நிறைய.
வட்டி, அசல், அன்புள்ள வாடிக்கையாளர்,
இரண்டு முறை சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.
கசக்கிக் கசக்கித் திணித்தேன்.
நன்றாகவே பிடித்தது.
பலகை வைத்து அடித்தேன்.
கலவை இருபது நிமிடம்தான் பொறுக்கும்,
யோசிக்க விடாது.

பூசியது சுமார்தான்.
ஃபிரிட்ஜைத் திரும்பத் தள்ளுகையில்
தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.
குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன்.
ஆழமான கீறல்.
யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.